காற்றுக்கு ஏற்ற வால்வு

காற்று போய் டயர்க்கடை அம்சவேணியின் கம்ப்ரசர் டேங்குக்குள் உட்கார்ந்துகொண்ட அந்த ஆனி மாதத்துக்கு முன்னால், பூளவலசில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் முழுசாகக் கேட்டதாகச் சரித்திரமே கிடையாது. பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்து, மேட்டில் நிற்கும் காற்றாலைகளையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நேராக ஊருக்குள் இறங்கும் அந்தக் காற்று, காயப்போட்ட வேட்டியைக் கொண்டுபோய்ப் பக்கத்து ஊர்ப் பனைமரத்துக்கு உடுத்திவிடும், கோழியைப் பள்ளிக்கூடத்துக் கூரையில் ஏற்றி அங்கேயே முட்டையிட வைக்கும், கல்யாணப் பந்தலை மாப்பிள்ளையோடு சேர்த்து எதிர்வீட்டு வாசலுக்கு நகர்த்தி வைக்கும், அதனால் ஊர்க்காரர்கள் ஆனி பிறந்துவிட்டால் தகரத்தின் மேல் கல் வைத்தார்கள், ஆட்டுக்குட்டியின் கழுத்தில் கல் கட்டினார்கள், எந்நேரமும் மேற்கே சாய்ந்தபடியே நடந்தார்கள், உப்பு இருக்கிறதா என்று கேட்பதைக்கூடச் சண்டைக்குப் போகிற மாதிரிக் கத்தித்தான் கேட்டார்கள்.

இப்படியொரு ஊரில் வாழ்வதில் ஒரு வசதி உண்டு. மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லலாம். வாசலில் நின்று என்ன சொன்னாலும் காற்று அதை வாங்கித் தாராபுரம் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுவிடும் என்பதால், மருமகள்கள் மாமியாருக்குப் பக்கத்திலேயே நின்று மாமியாரைத் திட்டினார்கள், மாமியார்கள் பதிலுக்குத் திட்டிக்கொண்டே மருமகளுக்குத் தலை வாரிவிட்டார்கள், கடன்காரனும் காதல்காரனும் தெருவில் தங்கள் பாட்டுக்குப் புலம்பிக்கொண்டு போனார்கள், ஒரு குடும்பமும் கெட்டுப்போகவில்லை. இவ்வளவு உபகாரம் செய்கிற காற்றை ஊர் என்ன மரியாதையில் வைத்திருந்தது என்றால், காலையில் எழுந்ததும் கதவைத் திறந்து முதல் வேலையாக அதைத்தான் திட்டும்.

அம்சவேணி திட்டுவதில் யாருக்கும் இளைத்தவள் இல்லை. உடுமலை ரோட்டில் வேன் நிற்கும் இடத்துக்கு எதிரே டயர்க்கடை வைத்திருந்தாள், முப்பத்தைந்தைத் தொட்டுவிட்டாள், வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் வேண்டாமென்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தாள். அவள் கடையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது, அதற்குள் குட்டை ரப்பர் வால்வு, நெட்டை ரப்பர் வால்வு, லாரியின் உள்சக்கரத்துக்கான வளைந்த வால்வு, நட்டுப் போட்டு முறுக்குகிற பித்தளை வால்வு என்று வகைவகையாகக் கிடக்கும். மற்ற கடைகளில் கைக்கு வந்ததை எடுத்து மாட்டிவிடுவார்கள். அம்சவேணி சுண்டுவிரலை வீல் ஓட்டைக்குள் விட்டு ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து, வால்வை மடக்கி ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்து, அப்புறம் நிமிர்ந்து, எங்க போறீங்க, என்ன பாரம், என்ன வேகம் என்று கேட்பாள். பதில் சொல்லாதவனுக்கு அவள் கடையில் வால்வு கிடையாது, அவன் கலெக்டராக இருந்தாலும் சரி.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியும், அந்தப் பதில் அவள் காதில் விழாத ஒரே ஆள் வெள்ளியங்கிரி. சிறுவாணிப் பக்கத்துக்காரன், அங்கே காற்று இலைக்கு வலிக்காமல்தான் வீசும், அதனால் அவன் குரலும் அப்படியே அமைந்துவிட்டது. காலையில் தக்காளிக் கூடைகளையும் பகலில் ஆட்களையும் உடுமலைக்கு ஏற்றிப் போகும் வேன் அவனுடையது. வந்த புதிதில் ஊரே அவனை ஊமை என்று நினைத்து, பாவம் என்று இளநீர் வெட்டிக் கொடுத்தது. அம்சவேணி கேட்பாள், அவன் உதடு அசையும், காற்று வந்து வாங்கிக்கொண்டு போய்விடும், அவள் அந்த உதட்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, டின்னின் அடியிலிருந்து நாலு பித்தளை வால்வை எடுப்பாள். அவன் வண்டிக்கும் அவன் ஏற்றுகிற பாரத்துக்கும் நல்ல ரப்பர் வால்வே தாராளம். அது அவளுக்கும் தெரியும்.

அன்றைக்குக் காலையில், பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டியைக் காற்று தூக்கி அம்சவேணியின் தலையில் கவிழ்த்தது. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. சொட்டச் சொட்ட நின்றவள் இடுப்பில் கைவைத்து, "திமிரு புடிச்ச காத்தே, ஒரு நாளாச்சும் ஒரு எடத்துல அடங்கி உக்காருவியா? உனக்கு ரோசம் இருந்தா வா, இந்த டேங்குக்குள்ள வந்து உக்காரு பாக்கலாம்" என்றாள்.

காற்றுக்கு ரோசம் இருந்தது. கணவாயிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்ததும், ஊருக்குள் திரிந்துகொண்டிருந்ததும், தாராபுரம் தாண்டிப் போய்விட்டதும் எல்லாம் திரும்பி வந்து, அம்சவேணியின் சேலை முந்தானையை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, கம்ப்ரசரின் வாய்வழியே டேங்குக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. டேங்க் ஒரு பெருமூச்சு விட்டது. மேட்டில் காற்றாலைகள் ஒவ்வொன்றாக நின்றன, ஆட்டுக்குட்டி கழுத்துக் கல்லோடு ஆச்சரியப்படாமல் மேய்ந்தது, மேற்கே சாய்ந்து நடந்துகொண்டிருந்த அத்தனை பேரும் மேற்கே விழுந்தார்கள்.

விழுந்தவர்கள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, பழக்க தோஷத்தில், மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொன்னார்கள். அதுதான் வினையாயிற்று. நாலு தெருவுக்கும் எல்லாம் கேட்டது. மருமகள்கள் சொன்னது மாமியாருக்கும் மாமியார்கள் சொன்னது மருமகளுக்கும் கேட்டது, பால்காரர் தண்ணீர் எவ்வளவு கலப்பதென்று தனக்குத்தானே பேசிக்கொண்டது சொசைட்டி வரைக்கும் கேட்டது, பஞ்சாயத்துத் தலைவர் சென்னியப்பன் தன் மீசை ஒட்டவைத்தது என்று கண்ணாடியிடம் சொன்னது ஊருக்கே கேட்டது. அம்சவேணி அப்போது வெள்ளியங்கிரியின் வேனுக்குப் பின்சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தாள், வேன் நிறைய ஆட்கள், ஸ்டியரிங்கில் அவன். நட்டை முறுக்கியபடி அவள் எப்போதும் போலச் சக்கரத்திடம் பேசினாள்:

"ஊருக்கெல்லாம் ரப்பரு, இவனுக்கு மட்டும் பித்தளை. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கத் தெரியுதா பாரு, இந்த மடையனுக்கு."

வேனுக்குள் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அம்சவேணி மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஜன்னல் வரிசை முழுக்க முகங்கள். கண்ணாடியில் வெள்ளியங்கிரியின் காது மட்டும் தெரிந்தது, அது பழுத்த தக்காளி நிறத்தில் இருந்தது. வேன் கிளம்பிப் போய்விட்டது. அம்சவேணிக்கு அந்த டேங்குக்குள் தானும் இறங்கிவிடலாமா என்று இருந்தது.

ஊர் இந்தப் புது வாழ்வுக்குச் சீக்கிரமே பழகியது. முதலில் எல்லோரும் ஒரு சுற்றுச் சண்டை போட்டார்கள், அப்புறம் சொல்வதற்கு ஒளிவு மறைவு ஒன்றும் மிச்சமில்லாததால் ஒரு சுற்றுச் சமாதானமானார்கள், சென்னியப்பன் மீசையை எடுத்துவிட்டு இன்னும் லட்சணமாக இருந்தார். ஆனி மாதத்தில் கோலப்பொடி தரையில் நின்றதை முதல்முறையாகப் பார்த்த பெண்கள் நடுரோடு வரைக்கும் கோலம் போட்டு, வண்டிகளைச் சுற்றிப் போகச் சொன்னார்கள். குசுகுசுவென்று பேசுவதற்கு ஊரே கற்றுக்கொண்டது, அதில் இவ்வளவு சுகம் இருப்பது தெரியாமல் போயிற்றே என்று வயசானவர்கள் ஆதங்கப்பட்டார்கள். காற்று வேண்டியவர்கள் சைக்கிள் டியூப்போடு கடைக்கு வந்து, சோளம் தூற்றக் கொஞ்சம், அப்பளம் காயக் கொஞ்சம், ஆடி நோம்பிக்குத் தூரி கட்டி ஊஞ்சலாடக் கொஞ்சம் என்று அளவு சொல்லி வாங்கிப் போனார்கள். ஒருவர் மட்டும் அவசரப்பட்டுத் தன் சைக்கிள் சக்கரத்திலேயே நேராக அடித்துக்கொண்டார், அவரை ஏணி வைத்துப் புளியமரத்திலிருந்து இறக்க வேண்டியதாயிற்று, இறங்கியதும் இன்னொரு தடவை அடிக்கச் சொன்னார்.

எல்லோருக்கும் எல்லாமும் கேட்டது, அம்சவேணிக்குக் கேட்க வேண்டியது மட்டும் கேட்கவில்லை. ஊர் முழுக்க அமைதி. ஒரு மனிதன் சாதாரணக் குரலில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேப்பம்பூ விழுகிற சத்தம்கூடக் கேட்கிற காலம். ஆனால் வெள்ளியங்கிரி கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டான். வேன் எதிரே வந்து நிற்கும், ஆட்கள் இறங்குவார்கள், அவன் இவள் பக்கம் திரும்பாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இருப்பான். ஒரு நாள் வேன் திரும்பும்போது அம்சவேணி சக்கரங்களைப் பார்த்தாள். பித்தளையின் மினுக்கம் இல்லை. முன்னாலும் பின்னாலும் கறுப்பு ரப்பர் வால்வுகள், அதுவும் உடுமலையில் எவனோ கேள்வி கேட்காமல் மாட்டிவிட்ட நெட்டை வால்வுகள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. நீ எனக்கு வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லாமல் சொல்ல வேறென்ன வழி இருக்கிறது? அன்றைக்கு முழுக்க அவள் வந்த வண்டிகளுக்கெல்லாம் மூன்று கேள்வியையும் கேட்காமலே வால்வு போட்டாள், ஊரே பயந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் கருப்பாத்தாள் வந்தாள். கடைக்குப் பின்னால் இருக்கிற கடலைக்காய்க் காடு அவளுடையது, விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவாயிலிருந்து காற்று வந்தால்தான் அதன் பின்னாலேயே சாரல் வரும், சாரல் வந்தால்தான் மண்ணுக்குள் கிடப்பது முளைக்கும்.

"அம்முணி, உன்ற மனசு எனக்குத் தெரியாமயில்ல" என்றாள் கருப்பாத்தாள், குசுகுசுவென்று. "அவன் வாயத் தொறக்கற வரைக்கும் காத்தை உடமாட்டேங்கற. காத்து வந்துட்டா அவன் பேசறது உனக்குக் கேக்காது. எல்லாம் சரி. ஆனா என்ற வெதை மண்ணுக்குள்ள வெந்துட்டு கெடக்குதே, கண்ணு."

அம்சவேணி எழுந்துபோய்க் கருப்பாத்தாளின் காட்டில் ஒரு பிடி மண்ணைத் தோண்டி எடுத்தாள். அதற்குள் ஒரு விதை, பாதி வீங்கி, மேலே வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு கிடந்தது. அதைத் திரும்பப் புதைத்துவிட்டு வந்து, "நாளைக்குக் காத்தை உட்டரலாமுங்கக்கா" என்றாள்.

விடுவது சுலபமா என்ன? டேங்கின் குழாயை அப்படியே திறந்துவிட்டால் ஊரே புளியமரத்தில் தொங்கும். காற்றைக் கணவாய் மேட்டுக்குக் கொண்டுபோய், அது வந்த வாசலிலேயே, மெல்ல மெல்ல இறக்கிவிட வேண்டும். அந்தக் கல்லுப் பாதையில் ஏறக்கூடிய வண்டி ஒன்றுதான் இருந்தது. நாலு சக்கரத்திலும் காற்றை அடைத்து வேன் போவதென்றும், அதற்கு எந்த வால்வு போடுவதென்றும் கடை முன்னால் பஞ்சாயத்துக் கூடியது, அதுவரை வால்வு என்ற ஒன்று இருப்பதே தெரியாதவர்களெல்லாம் அபிப்பிராயம் சொன்னார்கள். சென்னியப்பன், ஊருக்கே பெருமையான காரியம் என்பதால் பளபளவென்று நீளமாக ஒன்று போட வேண்டும் என்றார். கோயில் பூசாரி செம்பில் செய்து பூசை போட்டு மாட்டலாம் என்றார். புளியமரத்திலிருந்து இறக்கப்பட்டவர், வால்வே வேண்டாம், ஓட்டையைத் தான் விரலால் அடைத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார்.

வேன் வந்து நின்றது. வெள்ளியங்கிரி இறங்கித் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அம்சவேணி அவனைப் பார்க்காமல் சக்கரத்தை மட்டும் பார்த்து, நீட்டிக்கொண்டிருந்த ரப்பர் வால்வை விரலால் மடக்கினாள்.

"இது நெட்டை. பாதையில ஒரு கல்லு தட்டுனா பிச்சுட்டுப் போயிரும். அதுவும் இந்தக் காத்துக்கு ரப்பரு தாங்காது, சோளப்பொரியாட்டப் பறக்கும். உடுமலைக்காரனுக்கு எங்க தெரியப் போகுது" என்றாள். "இருந்த பித்தளையைத் தூக்கி எங்க எறிஞ்சீங்கன்னு கேக்க எனக்குப் பாத்தியதை இல்ல. டின்னுல வேற பித்தளையும் இல்ல. ஜாக்கி எங்கீங்க?"

அவன் கையை மட்டும் நீட்டினான். ஜாக்கி சீட்டுக்கு அடியில் இருந்தது. அதை எடுக்க அம்சவேணி டிரைவர் பக்கக் கதவைத் திறந்து ஏறினாள், ஏறியவள் இறங்கவில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே முருகன் படம் இருந்தது. படத்துக்கு முன்னால் ஒரு வெற்றிலை, வெற்றிலை மேல் நாலு பித்தளை வால்வு, புளி போட்டுத் துலக்கி, சந்தனம் தடவி, ஒவ்வொன்றின் தலையிலும் குங்குமம் வைத்து, அன்றைக்குப் பறித்த செவ்வந்திப்பூவோடு வரிசையாக உட்கார்ந்திருந்தன.

அம்சவேணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது, எது முதலில் என்று தெரியாமல் இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

"ஏனுங்க" என்றாள், "வால்வைக் கொண்டுவந்து சாமிகிட்ட வெப்பாங்களா?"

"மண்ணுல ஒரசுமுங்களே" என்றான் வெள்ளியங்கிரி.

அவ்வளவுதான் சொன்னான். அந்தக் குரலை அம்சவேணி முழுசாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. நாலு தெரு ஆட்களும் கழுத்தை நீட்டிக்கொண்டு அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தார்கள், கருப்பாத்தாள் பக்கத்தில் இருந்த குழந்தையின் வாயைப் பொத்தினாள். அவன் இத்தனை கண்களையும் ஒரு தடவை பார்த்தான், தக்காளி நிறத்துக்குப் போய் நின்றுகொண்டான்.

அம்சவேணி நாலு வால்வையும் எடுத்து முந்தானையில் துடைத்தாள். குங்குமத்தை மட்டும் துடைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம் கொடுத்து, நட்டை முறுக்கி, சுண்டுவிரலால் சுற்றித் தடவிப் பார்த்து, நிமிர்ந்தாள்.

"எங்க போறீங்க?"

"கணவாய்க்குங்க."

"என்ன பாரம்?"

"காத்துங்க." கொஞ்சம் நிறுத்தினான். "நீங்களும் வந்தீங்கன்னா, நீங்களும்."

கூட்டத்தில் ஒரு முனகல் ஓடி அடங்கியது.

"என்ன வேகம்?"

"மெதுவாத்தானுங்க. அவசரமில்லீங்க."

"அவசரமுங்க" என்றாள் அம்சவேணி, இந்த முறை ஊர் கேட்டால் கேட்கட்டும் என்று. "மேல போய் இதை உட்டுட்டா அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் எனக்குக் கேக்காது. சொல்றதுன்னா இப்பவே சொல்லிருங்க."

வெள்ளியங்கிரியின் உதடு திறந்தது. ஊர் மூச்சை நிறுத்தியது. அவன் திறந்த உதட்டை மூடிக்கொண்டு, "அடிங்க, போலாமுங்க" என்றான். அத்தனை பேரும் பொதக்கென்று மூச்சை விட்டார்கள். அந்த மாதம் ஊருக்குள் வீசிய பெரிய காற்று அதுதான்.

அம்சவேணி கருப்பாத்தாளின் காட்டைப் பார்த்தாள், அப்புறம் குழாயை எடுத்தாள். ஒரு சக்கரத்துக்கு அடித்தாள், இன்னொன்றுக்கு அடித்தாள், டேங்க் இளைத்துக்கொண்டே வந்தது, சக்கரங்கள் உறுமத் தொடங்கின, குங்குமம் வைத்த வால்வுகள் அசையாமல் பிடித்துக்கொண்டன. கடைசியாக டிரைவர் பக்கத்து முன்சக்கரம். அதற்கு அடித்துக்கொண்டிருக்கும்போது வெள்ளியங்கிரி குனிந்து, குழாயும் வால்வும் சேருகிற இடத்தில் வாயை வைத்து என்னமோ செய்தான். கசிகிறதா என்று பார்க்கிறான் போல என்று அம்சவேணி நினைத்தாள், தன் வேலையில் சந்தேகப்படுகிறானே என்று கோபம்கூட வந்தது.

வேன் மேட்டில் ஏறியது. சக்கரம் பாதி நேரம் தரையில் இருந்தது, பாதி நேரம் இல்லை, கல்லெல்லாம் ஒதுங்கி வழிவிட்ட மாதிரி இருந்தது. வழி முழுக்க அம்சவேணி பேசவில்லை, அவனும் பேசவில்லை. இவ்வளவு அமைதியை வீணாக்குகிற மனிதனை எதற்குத்தான் பிடித்துத் தொலைத்ததோ என்று நினைத்துக்கொண்டே, அவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அழகை அவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கணவாய் வாயில் வண்டியை நிறுத்தி, அம்சவேணி பின்சக்கரத்து வால்வின் மூடியைக் கழற்றி உள்ளே இருந்த ஊசியை அழுத்தினாள். காற்று ஒரு நூல் மாதிரி மெலிசாக வெளியே வந்து, கையைக் காலை நீட்டி நெட்டி முறித்து, மேட்டில் ஒரு காற்றாலையைச் சுற்றிப் பார்த்தது. அடுத்த சக்கரத்தைத் திறந்தாள், எல்லாக் காற்றாலையும் சுற்றின. மூன்றாவதைத் திறந்தாள், மலைக்கு அந்தப் பக்கமிருந்த மேகம் எட்டிப் பார்த்தது, அவள் கூந்தல் அவிழ்ந்தது, அவன் துண்டு பறந்தது, இனி ஒன்றும் கேட்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாலாவது ஊசியின் மேல் விரலை வைத்தபடி ஒரு நிமிடம் இருந்தாள். கருப்பாத்தாளின் விதையை நினைத்துக்கொண்டு அழுத்தினாள்.

வால்வு பேசியது. சக்கரத்துக்குள் குசுகுசுவென்று போன வார்த்தை, கணவாய்க் காற்று மொத்தத்தையும் கட்டிக்கொண்டு வெளியே வந்தது. அது வெள்ளியங்கிரியின் குரல்தான், ஆனால் மலைக்கும் மலைக்கும் நடுவில் நிறைகிற அளவுக்குப் பெரியதாகி, காற்றாலைகளைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, டயர்க்கடையையும் டீக்கடையையும் கடலைக்காய்க் காட்டையும் தாண்டி, தாராபுரம் வரைக்கும் போயிற்று:

"அம்சவேணீ... எனக்கு மட்டும் பித்தளை ஏனுங்க?"

ஊரில் அத்தனை பேரும் போட்டது போட்டபடி நின்றார்கள். கருப்பாத்தாள் காட்டின் நடுவில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள், சிரிக்கிற முகத்தில் முதல் சாரல் விழுந்தது. மேட்டில் வெள்ளியங்கிரி, ஊருக்குத் தெரியாமல் கேட்கலாம் என்று சக்கரத்திடம் சொன்னவன், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். அம்சவேணி அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினாள். பூளவலசில் பிறந்தவளுக்குக் கத்துவதற்குச் சொல்லித்தரவா வேண்டும்?

"நீங்க எங்க போனாலும் பத்தரமாத் திரும்பி வரோணும்னுங்க!" என்று கத்தினாள், முதலில் அவன் காதுக்கு, அப்புறம் திரும்பிக் காற்றுக்கும் ஒரு தடவை.

ஐப்பசியில், கடலைக்காய் பறித்த கையோடு, கல்யாணம் நடந்தது. காற்று வழக்கம் போலப் பந்தலை நகர்த்தியது, நகர்த்திக் கொண்டுபோய் டயர்க்கடை வாசலில் வைத்தது, முகூர்த்தம் அங்கேயே முடிந்தது. கருப்பாத்தாள் வேகவைத்த கடலைக்காயை அண்டா அண்டாவாக இறக்கினாள். ஊர் மறுபடியும் கத்திப் பேசவும், மேற்கே சாய்ந்து நடக்கவும், வாசலில் நின்று மனசைக் கொட்டவும் தொடங்கியது, மனம்விட்டுக் குசுகுசுக்க வேண்டியவர்கள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுத்தார்கள்.

காற்றை இப்போது யாரும் திட்டுவதில்லை, திட்டவும் முடியாது. வருஷா வருஷம் ஆனி பிறந்ததும் அது கணவாய் வழியாக இறங்கி, காற்றாலைகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஊருக்குள் வந்ததும் முதல் வேலையாக அதே கேள்வியைத்தான் கேட்கிறது. டீக்கடைக்காரர்கள் அதற்காகக் கொதிக்கிற பாலை இறக்கி வைக்கிறார்கள், வேனில் இருப்பவர்கள் ஜன்னலைத் திறந்துகொள்கிறார்கள். டயர்க்கடையில் அம்சவேணி ஏதோவொரு வண்டியின் வீல் ஓட்டையில் சுண்டுவிரலை விட்டபடி, தலையைத் தூக்காமல், அந்த வருஷத்துக்கான பதிலைக் கத்துகிறாள். அது காற்றில் எங்கேயோ போய்விடுகிறது, ஊரில் ஒருவருக்கும் சரியாகக் கேட்பதில்லை. எதிரே வேனில் உட்கார்ந்திருக்கிற வெள்ளியங்கிரியின் காது மட்டும் தக்காளி நிறத்துக்குப் போகிறது.